வீரகேரளனை மிதித்த யானை: ரோமக் கனவும் அதற்கு எழுதப்பட்ட தெய்வ உரைகளும்

இத்தாலிய பாசிசம் பண்டைய ரோமை எப்படிக் கையில் எடுத்தது என்று சில மாதங்களாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். வீ.கே.புதூரில் உட்கார்ந்துகொண்டு முசோலினியைப் பத்தி எழுத என்னய்யா இருக்குனு கேட்கலாம். ரெண்டு காரணம் இருக்கு. ஒன்று, "ரோமப் பேரரசு மறுபடி எழும்பும்" என்ற தீர்க்கதரிசன விளக்கம் எங்க பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குப் புதுசு இல்லை. கன்வென்ஷன் கூட்டங்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் பல தலைமுறையாகப் புழங்குவது அது. இன்னொன்று, தமிழ்நாட்டிலேயே இப்போது ஒரு பழைய பேரரசின் ஞாபகம் மேடை ஏறிக்கொண்டிருக்கு. இந்த இரண்டையும் ஒரே குறிப்பில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ரோம்.

இடித்துக் கட்டிய பழமை

பாசிசம் என்ற பெயரே ரோமிலிருந்து வந்ததுதான். ரோம அதிகாரிகளுக்கு முன்னால் ஏவலர்கள் தூக்கிச் சென்ற, கோடரி செருகிய பிரம்புக் கட்டுக்கு ஃபாஸ்கெஸ் என்று பெயர். அடிக்கவும் தலையை வெட்டவும் உள்ள அதிகாரத்தின் அடையாளம் அது. 1922 அக்டோபரில் ஆட்சிக்கு வந்த முசோலினி, அடுத்த வருஷமே மே தினத்தை எடுத்துவிட்டு, ரோம் நகரம் பிறந்ததாகச் சொல்லப்படும் ஏப்ரல் 21ஐத் தொழிலாளர் நாளாக்கினார். உழைப்பவனின் நாள் நகரத்தின் பிறந்தநாளாக மாறிவிட்டது. சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனா பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் மாதிரி.

1932இல் பியாட்சா வெனேட்சியாவிலிருந்து கொலோசியம் வரை "பேரரசுச் சாலை" என்று ஒரு அகலமான நேர்சாலை திறந்தார்கள். அந்த இடம் வெறும் நிலமாகக் கிடக்கவில்லை. இடைக்காலத்திலும் அதற்குப் பின்னும் எழுந்த வீடுகள், தெருக்கள், தேவாலயங்கள் இருந்த நெருக்கமான குடியிருப்பு. அதை இடித்து, அங்கிருந்த ஏழைகளை நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். அகஸ்டஸ் காலத்துக்கும் முசோலினி காலத்துக்கும் நடுவில் உள்ள ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்தைத் துடைத்துவிட்டால்தான் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க முடியும்.

1934இல் அந்தச் சாலையோரச் சுவரில் நான்கு பளிங்கு வரைபடங்கள் பதித்தார்கள். சின்னப் புள்ளியாகத் தொடங்கிய ரோம் படிப்படியாக எப்படிப் பெரிய பேரரசானது என்று காட்டும் படங்கள். 1935 அக்டோபர் 3 அன்று எத்தியோப்பியா மீது படையெடுப்பு. 1936 மே 5 அன்று அடிஸ் அபாபா விழுந்தது. மே 9 அன்று ரோமின் மலைகளுக்குப் பேரரசு திரும்பி வந்துவிட்டதாக முசோலினி மாடத்திலிருந்து அறிவித்தார். உடனே ஐந்தாவதாக ஒரு வரைபடம் வந்தது: பாசிசப் பேரரசு. முதல் நான்கும் நடந்ததைச் சொன்னவை. ஐந்தாவதைப் பார்க்கிறவனுக்கோ, நான்கும் இதுக்காகவே நடந்த மாதிரி தோன்றும். போர் முடிந்ததும் ஐந்தாவதைக் கழற்றிவிட்டார்கள். மற்ற நான்கும் அங்கேதான் இருக்கு.

சிலுவையும் நச்சுவாயுவும்

இந்த இடத்தில் மதம் உள்ளே வருது.

1929 பிப்ரவரியில் லாத்தரன் உடன்படிக்கை. போப்பாண்டவருக்கு வத்திக்கான் நகர அரசு கிடைத்தது, முசோலினிக்கு மரியாதை கிடைத்தது. 1935 அக்டோபர் 28, பாசிஸ்டுகள் ரோமுக்கு அணிவகுத்துச் சென்றதன் ஆண்டுவிழா. எத்தியோப்பியப் போர் தொடங்கி மூன்றரை வாரம்தான் ஆகியிருந்தது. மிலான் பேராலயத்தில் கார்டினல் ஷுஸ்டர் ஆற்றிய மறையுரையில் அந்தப் படை சிலுவையின் வெற்றியைச் சுமந்து போகிறது, அடிமைகளின் விலங்கை உடைக்கிறது, நற்செய்தியாளருக்கு வழி திறக்கிறது என்கிற தொனி இருந்தது. பழைய ரோம் உலகத்துக்குச் சாலை போட்டது, அந்தச் சாலையில் கிறிஸ்தவம் நடந்தது. புது ரோமும் அதையே செய்கிறது. இதுதான் அந்த விளக்கத்தின் சாரம். கேட்க அழகாத்தான் இருக்கு.

எத்தியோப்பியா கிறிஸ்தவ நாடு. அக்சூம் அரசன் எசானா கிறிஸ்தவத்தை ஏற்றது 4ஆம் நூற்றாண்டில், கிட்டத்தட்ட ரோமே ஏற்ற அதே காலத்தில். ஏற்கெனவே 1,600 வருஷமாகச் சிலுவை இருந்த நாட்டுக்குத்தான் இவர்கள் சிலுவை கொண்டு போனார்கள். கூடவே விமானத்திலிருந்து நச்சுவாயுவும் போனது. 1937 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் இத்தாலிய ஆளுநர் கிராட்சியானி மீது குண்டு வீசப்பட்டது. அதற்குப் பழிவாங்க மே மாதம் டெப்ரெ லிபானோஸ் மடத்துத் துறவிகளை நூற்றுக்கணக்கில் சுட்டுக்கொன்றார்கள். அதே வருஷம் அக்சூமிலிருந்து சுமார் 24 மீட்டர் உயரமுள்ள கல்தூண் ஒன்று ரோமுக்குக் கொண்டுவரப்பட்டு வெற்றிச் சின்னமாக நிறுத்தப்பட்டது. எகிப்தின் கல்தூண்களை அகஸ்டஸ் கொண்டுவந்தார் இல்லையா, அந்த மரபு. அது ஊர் திரும்ப 2005 ஆனது.

ஷுஸ்டரைக் கொடியவர் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. 1938இல் பாசிசத்தின் இனவெறிக் கொள்கையைப் பிரசங்கத்திலேயே கண்டித்தவரும் அவர்தான். எனக்குச் சிக்கல் அவருடைய குணத்தில் இல்லை, அவர் கொடுத்த விளக்கத்தில். படை தெய்வத்தின் சாலையில் நடக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தச் சாலைக்கு அடியில் யார் கிடக்கிறார்கள் என்ற கேள்விக்கே இடம் இல்லாமல் போயிடுது.

பத்து விரல்கள்

அதே காலத்தில் இன்னொரு கூட்டம் முசோலினியைப் பார்த்து நேர் எதிரான விளக்கம் சொன்னது. அது எங்க ஊர்ப்பக்கத்துக்கு நெருக்கமான கதை.

தானியேல் புத்தகம் 2ஆம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் ஒரு கனவு காண்கிறான். தலை பொன், மார்பு வெள்ளி, வயிறும் தொடையும் வெண்கலம், கால் இரும்பு, பாதம் பாதி இரும்பு பாதி களிமண். கைகளால் பெயர்க்கப்படாத ஒரு கல் வந்து பாதத்தில் மோதி, சிலை முழுக்கத் தூளாகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வழிவந்த பிரதரன் சபையினர் இதை ஒரு கால அட்டவணையாக்கினார்கள். இரும்புக் கால் ரோம், பத்து விரல் என்பது கடைசிக் காலத்தில் பத்து நாடுகளாக மறுபடி எழும்பும் ரோம், அதன் தலைவன் அந்திக்கிறிஸ்து. 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை பைபிள் இந்த விளக்கத்தை உலகமெங்கும் பரப்பியது.

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தச் சிந்தனை ஸ்கோஃபீல்டுக்கு முன்பே வந்தாச்சு. பிரதரன் இயக்கத்தின் தொடக்கக்காரர்களில் ஒருவரான ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரிடம் பழகியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதல் அருளப்பன் பெயரோடு சேர்ந்தது. அந்த அலை மலையைத் தாண்டித் திருவிதாங்கூர் போனது. அங்கே ஜஸ்டஸ் ஜோசஃப் என்பவரின் கூட்டம் 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று நாள் குறித்தது. 1881 வந்தது, போனது. முசோலினி பிறக்கவே இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி.

அதனால் 1920களில் ரோமை எழுப்புவேன் என்று ஒருவர் கிளம்பியதும், அட்டவணை வைத்திருந்தவர்களுக்கு ஆள் கிடைத்துவிட்டார். கனடாவின் ஆஸ்வால்டு ஸ்மித் போன்றவர்கள் அந்திக்கிறிஸ்து வந்துவிட்டானா என்று புத்தகம் எழுதினார்கள். 1930களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஊழியம் செய்த ரால்ஃப், ஈடித் நார்ட்டன் தம்பதியர் முசோலினியையே நேரில் கண்டு, ரோமப் பேரரசை மறுபடி அமைக்கப்போகிறீர்களா என்று கேட்டு, இதெல்லாம் பைபிளில் இருக்கிறது என்று விளக்கினார்கள். அது எங்கே இருக்கிறது என்று அவர் ஆர்வமாகக் கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். எதிரி என்று சொல்ல வந்தவர்கள் தன்னையும் அறியாமல் அவருக்கு மகுடம் கட்டிவிட்டு வந்தார்கள். சர்வாதிகாரிக்கு வேதத்தில் இடம் உண்டு என்பதைவிட இனிப்பான செய்தி வேறென்ன?

1945 ஏப்ரலில் முசோலினி சுட்டுக்கொல்லப்பட்டு மிலானில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டார். அட்டவணை மட்டும் சாகவில்லை. 1957 ரோம் உடன்படிக்கையால் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பிறந்தது. பெயரிலேயே ரோம்! 1981இல் கிரீஸ் சேர்ந்து உறுப்பு நாடுகள் சரியாகப் பத்து ஆனபோது பலருக்கு மெய்சிலிர்த்தது. 1986இல் பன்னிரண்டு ஆனதும் விரல் எண்ணிக்கை இடித்தது. சின்ன வயசில் சுரண்டைப் பக்கம் ஒரு கூட்டத்தில் துணியில் வரைந்த அந்தச் சிலைப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு நாட்டின் பெயர் எழுதியிருந்தது. ஒரு விரலில் மட்டும் பெயரை அழித்து மாற்றி எழுதிய தடம்.

அதைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ராஜாக்கள் எல்லாரும் மண்ணாகப் போவார்கள் என்ற நம்பிக்கை, நிலமும் அதிகாரமும் இல்லாத சனங்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு! தானியேல் புத்தகமே அப்படிப்பட்ட தெம்பிலிருந்து பிறந்ததுதான். நாட்டை இழந்து சிறைப்பட்டுப் போனவன், ஜெயித்த ராஜாவின் முன்னால் நின்று, உன் தங்கத் தலையும் போகும் என்று சொல்லும் கதை அது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கஸ் யூதர்களை ஒடுக்கிய காலத்தில் இன்றைய வடிவம் பெற்றது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மிதிபட்டவன் எழுதிய புத்தகம். அதைத் தேதி பார்க்கும் காலண்டராக்கும்போது மிதிபட்டவன் வெளியே போய்விடுகிறான். எத்தியோப்பியாவில் செத்தவனும் ஒரு விரலின் நிறைவேற்றம், அவ்வளவுதான்.

ஆக, ஷுஸ்டர் பேரரசை ஆசீர்வதித்தார், அட்டவணைக்காரர்கள் பயந்தார்கள். ரெண்டு பேரும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு: இது மனுஷன் திட்டமிட்டுச் செய்த வேலை இல்லை, மேலே எழுதியது. அப்படிச் சொன்ன பிறகு யாரைத் தடுப்பது, யாரிடம் கணக்குக் கேட்பது?

கங்கை நீரும் கடாரத்துக் கதவும்

இனி நம்ம பக்கம்.

முசோலினி பேரரசு அறிவித்த அதே காலத்தில் இந்தியாவிலும் பழைய பேரரசுகளைத் தேடும் வேலை மும்முரமாக நடந்தது. தாகூர் முசோலினியின் விருந்தினராக இத்தாலி போய், பிறகு உண்மை தெரிந்து வெளிப்படையாகக் கண்டித்தது 1926இல். அதே 1926இல்தான் கல்கத்தாவில் அகண்ட பாரதச் சங்கம் தொடங்கியது. சம்பாவும் ஜாவாவும் இந்தியர்களின் பழைய "காலனிகள்" என்று ஆர்.சி. மஜும்தார் எழுதினார். காலனிக்குள் வாழ்ந்துகொண்டே, எங்களுக்கும் காலனி இருந்தது என்று சொல்லும் ஆசை அது. இந்து மகாசபையின் மூஞ்சே 1931 மார்ச்சில் முசோலினியை ரோமில் சந்தித்து, சிறுவர்களுக்கு ராணுவப் பயிற்சி தந்த பாலில்லா அமைப்பைப் பார்த்துவிட்டு வந்தார். பின்னர் நாசிக்கில் ராணுவப் பள்ளி தொடங்கினார்.

தமிழ்நாட்டில் இந்தக் காலத்தின் பெரிய சாதனை கல்லிடைக்குறிச்சிக்காரரான கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு. இரண்டு பாகம், 1935லும் 1937லும் வந்தது. தேதிகள் எத்தியோப்பியப் போரோடு ஒட்டி வருவது தற்செயல்தான். சாஸ்திரி பாசிஸ்ட் இல்லை, கல்வெட்டை வரிவரியாகப் படித்த ஆய்வாளர். ராஜேந்திரனின் 1025 கடாரப் படையெடுப்புக்கு அவர் சொன்ன காரணங்கள் மிக நிதானமானவை: ஸ்ரீவிஜயம் வணிக வழியை மறித்திருக்கலாம், அல்லது திக்விஜய ஆசையாக இருக்கலாம். அங்கே சோழர் நிரந்தரமாக ஆண்டதற்குச் சான்று இல்லை.

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே இதில் நேர்மையாக இருக்கு. கடாரத்திலிருந்து தோரண வாயிலும் மணிகள் பதித்த கதவும் எடுத்ததைப் பெருமையாகப் பட்டியல் போடுகிறது. இதற்கு இருபது வருஷம் முன்னால்தான் அதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். தந்தை விகாரத்துக்கு ஊர் கொடுத்தான், மகன் விகாரம் கட்டியவன் வீட்டுக் கதவைக் கழற்றினான். ஈழத்தில் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டான். சோழப்படை விகாரங்களைக் கொள்ளையடித்ததைச் சூளவம்சம் சொல்கிறது. கங்கை நீரை ஏரியில் சேர்த்து அதை நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அக்சூம் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணியிலிருந்து எடுத்துவந்த துவாரபாலகர் சிலையில், கொண்டுவந்த செய்தியையும் வெட்டியே வைத்தான்.

இதை எல்லா அரசர்களும் செய்தார்கள். 11ஆம் நூற்றாண்டு ராஜாவை இன்றைய சட்டப்படி விசாரிப்பது என் வேலை இல்லை. என் கேள்வி இன்றைய மேடைகளிடம். 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை மாநில அரசு கொண்டாடியது. 2023 மே 28 அன்று சோழர் மரபு என்ற பெயரில் செங்கோல் புதிய நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2025 ஜூலை 27 அன்று பிரதமர் கங்கை நீரோடு கங்கைகொண்ட சோழபுரம் வந்து, ராஜேந்திரன் நாணயம் வெளியிட்டு, ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் சிலைகள் அறிவித்தார். ஒருவருக்கு அது தமிழனின் வீரம், இன்னொருவருக்குப் பாரதத்தின் தர்மம். கட்சி எதுவானாலும் வரைபடம் ஒன்றுதான்: கடல் நடுவில் அம்புக்குறி போட்ட அந்தப் படம், வாட்ஸப்பில் எல்லாருக்கும் வந்திருக்கும்.

சோழனைப் பிடிக்கும் என்பவன் எல்லாம் பாசிஸ்ட்னு நான் சொல்லவே இல்லை. பெருவுடையார் கோயில் முன்னால் நின்றால் எனக்கும் தொண்டை அடைக்கும். நான் கவனிக்கச் சொல்வது மூன்று அடிகளை. ஒரு பொற்காலத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் அடி. நடுவில் உள்ள நூற்றாண்டுகளை இடிப்பது இரண்டாவது. அது தெய்வச் சித்தம் என்று முத்திரை குத்துவது மூன்றாவது. ரோமில் இந்த மூன்றும் அரசாங்கத்தின் கையில் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் ஐந்தாவது வரைபடம் வந்தது. நம்மிடம் முதல் அடி தாராளமாக இருக்கு. மற்றது இரண்டும் எவ்வளவு இருக்குனு நீங்களே எண்ணிப் பாருங்க.

தெற்கேயிருந்து பார்த்தால்

சோழப் பேரரசைத் தஞ்சாவூரிலிருந்து பார்ப்பது ஒரு விதம், இங்கிருந்து பார்ப்பது வேறு விதம். இது பாண்டியநாடு. ராஜேந்திரன் மதுரையில் மாளிகை எழுப்பி, தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு உட்கார வைத்த, பிடிக்கப்பட்ட நாடு. சேரன்மகாதேவி நிகரிலிச்சோழச் சதுர்வேதிமங்கலம் ஆனது. கோட்டாறு மும்முடிச்சோழநல்லூர் ஆனது. அம்பாசமுத்திரம் பக்கம் மன்னார்கோயிலில் பெருமாள் கோயிலைக் கட்டியவன் ராஜசிம்மன் என்ற சேர அரசன். ஆனா கோயிலுக்கு வைத்த பெயர் ராஜேந்திரசோழ விண்ணகரம். தான் கட்டிய கோயிலுக்கு மேலாளும் ராஜாவின் பெயர். அது பக்தியா, கப்பமா? ரெண்டும் கலந்ததுதான் போல.

இனி ராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தி. தெற்கே மூன்று பாண்டியர்கள் சேர்ந்து எழுந்ததையும், அவன் அடக்கியதையும் அது சொல்கிறது. மானாபரணன் தலை வெட்டப்பட்டது. சுந்தரபாண்டியன் முல்லையூருக்கு விரட்டப்பட்டான். மூன்றாமவன் வீரகேரளன். அவனைப் பிடித்து, அத்திவாரணம் என்ற யானையின் காலில் மிதிக்க வைத்தான். மிதித்த யானைக்கும் கல்வெட்டில் பெயர் இருக்கு, கவனியுங்க. மிதிபட்டவனைப் பற்றி அவன் பெயருக்கு மேல் அதிகம் இல்லை. அப்படி மிதிக்க வைத்த ராஜாதிராஜனும் 1054இல் கொப்பத்துப் போரில் யானை மேலேயே செத்து, "ஆனைமேல் துஞ்சிய தேவர்" ஆனான்.

எங்க ஊர்ப்பெயர் அந்த வீரகேரளனால் வந்தது என்று சொல்ல வரவில்லை. வீரகேரளன் என்ற பட்டம் சேர, வேணாட்டு அரசர் பலருக்கு இருந்தது. பிற்காலத்தில் இது ஊத்துமலை ஜமீனின் ஊர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த மருதப்பரின் ஊர். ஆனாலும் பஸ் போர்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் பட்டியலின் அந்தப் பக்கம் நின்றவர்கள் ஞாபகம் வருது. ராஜேந்திரன் கொண்டாடப்படும் மேடையில், தோற்ற பாண்டியநாட்டின் பிள்ளைகளான நாமும் ஜெயித்தவனாகவே நம்மை நினைத்துக் கைதட்டுகிறோம். பேரரசு ஞாபகத்தின் பெரிய தந்திரம் இதுதான். கேட்கிற எல்லாரையும் யானை மேல் ஏற்றிவிடும். காலடியில் யாருமே இருக்கமாட்டார்கள்.

மதத்தைக் கலந்தாலே இப்படித்தான் முடியும் என்றும் சொல்லமாட்டேன். 15ஆம் நூற்றாண்டில் பாண்டியநாடு சுருங்கித் தென்காசி வட்டாரமானபோது பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயில் பணியைத் தொடங்கினான். அவனும் ராஜாதான், அவன் மெய்க்கீர்த்தியிலும் வெற்றிப் பட்டியல் உண்டு. ஆனால் அதே கோயில் கல்வெட்டில் அவன் இன்னொன்றும் சொல்லி வைத்தான்: பின்னால் இந்தக் கோயில் பழுதாகிறபோது யார் அதைச் சரிசெய்து காக்கிறார்களோ அவர்கள் காலில் நான் இப்போதே விழுகிறேன். தன் பேரரசு நிற்காது என்று தெரிந்த ஒரு ராஜா சாமி முன்னால் பேசிய பேச்சு. அந்தக் கோபுரம் பிறகு எரிந்து, மொட்டையாகவே பல தலைமுறை நின்று, 1990இல்தான் மறுபடி எழுந்தது.

சாலையோரச் சுவரில் பதித்த ஐந்தாவது வரைபடத்தின் பேரரசுக்கும் கடவுளைச் சாட்சிக்கு அழைத்தார்கள். தென்காசிக் கல்வெட்டும் அழைத்தது. முன்னது எதிர்காலத்தைத் தன் சொத்தாகப் பார்த்தது. பின்னது இன்னும் பிறக்காத ஜனங்களிடம் கடன்பட்டு நின்றது. அடுத்த முறை மேடையில் யாராவது பழைய பேரரசையும் தெய்வத்தையும் ஒரே மூச்சில் சொன்னால், இந்த ரெண்டில் எந்தக் குரல் அதுனு கேட்டுப் பார்க்கணும். கூடவே, யானையின் பெயரை விட்டுவிட்டு, மிதிபட்டவன் பெயரையும் ஒருமுறை கேட்கணும்.